விழுந்து எழ ஓர் இடம் வேண்டும்

எங்கள் பேட்டையின் பெயரிலேயே வெளி இருக்கிறது. மந்தைவெளி! ஒரு காலத்தில் மாட்டு மந்தைகள் மேய்ந்த வெட்டவெளி, அதனால்தான் இந்தப் பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. அடுக்குமாடிக் கட்டடம், அதன் கீழே கார்கள், கார்களின் இடுக்கில் ஸ்கூட்டர்கள். மிச்சமிருக்கும் சந்தில்தான் நம் குழந்தைகள் சைக்கிள் விட வேண்டும்.

சைக்கிள் இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு. பிறந்த நாளுக்கு மாமா வாங்கித் தந்தது, நல்ல மார்க் எடுத்ததற்கு அப்பா வாங்கித் தந்தது என்று வராந்தாவில் நிற்கும். நிற்கும், அவ்வளவுதான், ஓடாது. காற்று இறங்கிய டயரோடு, மேலே துண்டு காயப் போட்டபடி நிற்கும். ஏன் கண்ணா எடுத்து ஓட்டுவதில்லை என்று கேட்டால், "எங்கே ஆன்ட்டி ஓட்டறது? ஆர்.கே. மடம் சாலையில் பஸ்ஸுக்கு நடுவிலா?" என்று குழந்தைகள் நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதானே?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மலைச் சைக்கிளில் வந்து நின்றோம். "மந்தைவெளியில் ஏதம்மா மலை?" என்று சிரிக்காதீர்கள். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

மலையில் பிறந்தது

தடித்த டயரும் நேரான ஹாண்டில்பாருமாகக் கடைகளில் மவுண்டன் பைக் என்று விற்கிறார்களே, அதன் கதை சுவையானது. அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்கு வடக்கே மரின் என்ற மலைப் பிரதேசம். அங்கே சில இளைஞர்கள் 1930-களிலும் 40-களிலும் செய்த பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலை மேல் கொண்டு போய், மண் பாதையில் கீழே விட ஆரம்பித்தார்கள். 1976-ல் அதையே பந்தயமாக நடத்தினார்கள். அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். காரணம் கேளுங்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக் அது. மலை இறங்குவதற்குள் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் முழுவதும் புகைந்து போய்விடும். கீழே வந்ததும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். ரீபேக் என்றால் அதுதான்!

அந்தக் கூட்டத்தில் வெண்டி கிராக் என்ற பெண்ணும் இருந்தார். ஆண்களோடு சரிசமமாக மலை ஏறி இறங்கினார். கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு அவர் எடுத்த படங்கள் இல்லையென்றால் அந்த ஆரம்ப நாட்களின் கதையில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். 20 வருஷத்தில் அந்த விளையாட்டு எங்கே போய் நின்றது தெரியுமா? 1996-ல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் போட்டியாகிவிட்டது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதே வருஷத்தில். நம் நாட்டிலும் இமாசலப் பிரதேசத்து மலைகளில் 2005-ல் இப்படி ஒரு பந்தயத்தை ஆரம்பித்தார்கள்.

சரி, மலை இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். மலைப் பாதையில் இருப்பதையெல்லாம் சிறியதாகச் செய்து ஒரு திடலுக்குள் வைத்துவிட்டார்கள். சின்னச் சின்ன மண் மேடுகள், சரிந்த வளைவு, ஒற்றைப் பலகைப் பாலம், கல் பாவிய துண்டுப் பாதை. ஒவ்வொன்றிலும் ஒரு வித்தை பழகலாம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில், ஆள் வராமல் போன பழைய கோல்ஃப் மைதானத்தை எடுத்து இப்படி ஒரு சைக்கிள் பூங்காவாக்கி 2016-ல் திறந்தார்கள். புதிதாகக் கற்கும் குழந்தைக்கு ஒரு பாதை, தேர்ந்தவர்களுக்கு ஒரு பாதை என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

குரங்குப் பெடல் காலம்

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று தள்ள மனம் வரவில்லை. ஏனென்றால் நம் அண்ணன்களும் அக்காக்களும் சைக்கிள் பழகியதே மேடு பள்ளத்தில்தானே! வாடகைக் கடையில் மணிக்கு இவ்வளவு என்று அப்பாவின் உயர சைக்கிளை எடுத்து வந்து, பாருக்கு அடியில் காலை விட்டு, குரங்குப் பெடல் போட்டு, மண்ணில் விழுந்து, முட்டி பெயர்ந்து, மறுபடி எழுந்துதான் கற்றார்கள். அந்த மண் தரைதான் அவர்களுக்கு வாத்தியார். 2024-ல் 'குரங்கு பெடல்' என்று ஒரு சினிமாவே வந்தது. இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்றைய குழந்தை என்ன செய்கிறது? வழவழப்பான பார்க்கிங் தரையில் 10 சுற்று ஓட்டிப் பழகுகிறது. "கத்துண்டாச்சு" என்று நாமும் மகிழ்கிறோம். 13 வயதில் டியூஷனுக்கு என்று நேரே சாலைக்கு அனுப்பிவிடுகிறோம். சாலையில் என்னென்ன இருக்கும்? திடீர்ப் பள்ளம், மூடி உயர்ந்த சாக்கடை, ஜல்லி, ஈரம், குறுக்கே ஓடும் நாய். மெட்ரோ ரயில் வேலைக்காகத் தடுப்பு வைத்த இடத்தில் பாதி சாலைதான் மிஞ்சும். வழவழப்பான தரையில் இதில் ஒன்றையாவது அந்தக் குழந்தை பார்த்திருக்குமா?

மேடு ஏறி இறங்கும்போது உடம்பு தானாகவே சில பாடங்களைப் படித்துக்கொள்கிறது. சீட்டிலிருந்து சற்று எழுந்து முழங்காலையும் முழங்கையையும் தளர்த்தி வைத்தால் குலுக்கல் இடுப்புக்கு வராது. முன் சக்கரத்தையே பார்க்காமல் போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் சைக்கிள் அங்கே போகும். பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காமல் இரண்டையும் மெல்ல மெல்லப் பிடித்தால் வழுக்காது. இதை வாயால் சொல்லி யாருக்கும் வராது. ஒரு அடி உயர மண் மேட்டில் ஒரு வாரம் ஓட்டினால் வந்துவிடும்.

உடம்புக்கும் இது நல்லது. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாடி விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெளியில் வெளிச்சத்தில் அதிக நேரம் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று கண் டாக்டர்கள் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்பிலேயே கண்ணாடி போட்ட குழந்தைகள் எத்தனை பேர்!

புதுக்கோட்டை அக்கா சொன்னது

முதல் தடவை எங்கள் மொட்டை மாடியில் கூடிப் பேசியபோது எதிர்ப்பும் வந்தது. "பையன்கள் என்னமோ பண்ணிக்கட்டும். நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பெண், முகத்தில் தழும்போடு நின்றால் யார் பதில் சொல்வது?" என்று ஒரு பாட்டி கேட்டுவிட்டார். சிலர் தலையாட்டினார்கள். அப்போது மாடியில் துணி எடுக்க வந்த அக்கா ஒருவர், எங்கள் குடியிருப்பில் இரண்டு மூன்று வீடுகளில் வேலை செய்கிறவர், வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் புதுக்கோட்டைக்காரிம்மா. அறிவொளியில சேலையோடவே சைக்கிள் ஓட்டினவ. விழுந்தேன், எழுந்தேன். எனக்கும் கல்யாணம் ஆச்சு."

மாடியே சிரித்துவிட்டது. பாட்டியும் சிரித்தார்.

அந்த அக்கா சொன்னது தமிழ்நாடு மறக்கக் கூடாத ஒரு கதை. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்து மட்டும் போதாது, பெண்கள் தாங்களாகவே ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்வர வேண்டும் என்று சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார். வயலில் வேலை செய்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், நர்சுகள், பால்வாடி ஆசிரியைகள் என்று எல்லாப் பெண்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பழகினார்கள். கற்றவள் அடுத்தவளுக்குக் கற்றுக் கொடுத்தாள். 1992-ல் மகளிர் தினத்தை ஒட்டி 1,500 பெண்கள் ஹாண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். மொத்தத்தில் லட்சம் பெண்களுக்கு மேல் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்களாம். முன்னால் பார் இருந்தால் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் அதையே விரும்பி எடுத்தார்களாம். பார்த்தீர்களா பெண்களின் கணக்கை!

"பழகறப்போ உங்களுக்கு எது கஷ்டமா இருந்தது அக்கா?" என்று நான் கேட்டேன். "ஏறி உட்கார்றதுதாம்மா. ஒரு திண்ணை கிடைச்சா பாதி வித்தை வந்துடும். அப்புறம், சுத்தி நின்னு வேடிக்கை பார்க்கிற ஆம்பளைங்க" என்றார். இரண்டையும் எங்கள் நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டோம்.

கோலமாவால் ஒரு வரைபடம்

எங்கள் பகுதித் திடலில் ஒரு மூலை இருக்கிறது. பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடத்துக்கு அப்பால், உடைந்த செங்கலும் காய்ந்த கிளைகளும் கொட்டிக் கிடக்கும் மூலை. சுமார் 80 அடி நீளம், 40 அடி அகலம் தேறும். அதை வண்டி நிறுத்தும் இடமாக்கிவிடலாம் என்று ஒரு பேச்சு அடிபட்டதும்தான் எங்களுக்கு அவசரம் வந்தது. ஒரு இடம் பார்க்கிங் ஆகிவிட்டால் அப்புறம் அது குழந்தைகளுக்குத் திரும்பி வராது. இது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

பேப்பரில் படம் போட்டு யாருக்கும் புரியவில்லை. அதனால் ஒரு ஞாயிறு காலை மூலையைப் பெருக்கிச் சுத்தம் செய்து, கோலமாவால் தரையிலேயே நிஜ அளவில் கோடு போட்டோம். மார்கழியில் தெருவை அடைத்துக் கோலம் போடும் கைகளுக்கு இது பெரிய வேலையா? மேடு வரும் இடத்தில் செங்கல் அடுக்கினோம். பிறகு குழந்தைகளைச் சைக்கிள் இல்லாமல், காலாலேயே கோட்டின் மேல் ஓடச் சொன்னோம். எங்கே இரண்டு பேர் மோதிக்கொள்கிறார்கள், எங்கே திரும்ப முடியாமல் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தோம். செலவு இரண்டு கிலோ கோலமாவு. கற்றதோ நிறைய.

இப்படி நாலு ஞாயிறு அழித்து அழித்துப் போட்ட பிறகு எங்கள் திட்டம் இந்த வடிவத்துக்கு வந்தது. உங்கள் பேட்டைக்கும் உதவும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

பாதை ஒரே திசையில்தான். கோயில் பிரகாரத்தை வலம் வருகிற மாதிரி எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிரும் புதிருமாக வந்தால்தான் மோதல்.

நீளமான பக்கத்தில் வரிசையாக ஐந்து மண் மேடுகள். உயரம் 1 அடி, ஒரு உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு 10 அடி. உயரத்தைப் போலப் பத்து மடங்கு இடைவெளி என்பது இந்தத் தொழில் தெரிந்தவர்களின் கணக்கு. மேடு ஏறும்போது உடம்பைத் தளர்த்தி, இறங்கும்போது கையாலும் காலாலும் சைக்கிளை அழுத்தினால் பெடல் மிதிக்காமலே வேகம் வரும். புரியவில்லையா? ஊஞ்சலில் உட்கார்ந்து உந்தி உந்தி வேகம் ஏற்றுகிறோமே, அதே வித்தைதான்.

கோடியில் திரும்பும் இடத்தில் வெளிப்பக்கம் உயர்ந்த, தட்டு விளிம்பு போல் சரிந்த மண் வளைவு. வேகமாக வரும் சைக்கிளை அது தாங்கித் திருப்பிவிடும்.

திரும்பி வரும் பக்கத்தில் வளைந்து வளைந்து போக ஆறு குச்சிகள். அடுத்து 10 அங்குல அகலத்தில் ஒற்றைப் பலகை, தரையிலிருந்து 3 அங்குலம் மட்டும் உயரம். தவறினால் கால் ஊன்றிக்கொள்ளலாம், பயமில்லை. அதற்கு அடுத்து உருளைக்கற்கள் பதித்த ஆறடிப் பாதை.

நடுவில் சமதளமாக ஒரு வட்டம், வாண்டுகளுக்கு. மூன்று நாலு வயதுக் குழந்தைக்குப் பக்கச் சக்கரம் மாட்டுவதைவிட, பெடல்களைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதமும் தரையில் பதியும்படி சீட்டை இறக்கிக் கொடுங்கள். தத்தித் தத்தித் தள்ளி, பாலன்ஸ் தானே வந்துவிடும். அதன்பின் பெடல் மாட்டினால் போதும்.

புதுக்கோட்டை அக்கா கேட்ட திண்ணையும் உண்டு. ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் கட்டு. ஏறி உட்காரவும், காலை ஊன்றி நிற்கவும், காத்திருக்கும் அம்மாக்கள் உட்காரவும் அதுவே. அங்கிருந்து பார்த்தால் திடலின் எல்லா இடமும் கண்ணில் பட வேண்டும். மறைவான மூலையே இருக்கக் கூடாது. இதில் நாங்கள் கறாராக இருந்தோம்.

மண்ணும் மழையும் கொசுவும்

எங்கள் பக்கத்து மண்ணில் மணல் அதிகம். வெறும் மணலில் மேடு நிற்காது, வெறும் களிமண் மழையில் வழுக்கும். இரண்டும் கலந்த செம்மண்தான் சரி. கையில் பிடித்து உருட்டினால் கொழுக்கட்டை போல் நிற்க வேண்டும், அதுதான் பதம். ஒரேயடியாகக் கொட்டாமல், அரை அடி கொட்டி, லேசாக நனைத்து, திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் அடுத்த அரை அடி.

எப்போது செய்வது? ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்னால் செய்தால் அத்தனையும் கரைந்து சாக்கடைக்குப் போய்விடும். பொங்கல் கழிந்து தை மாதம் ஆரம்பித்தால் தரையில் ஈரமும் இருக்கும், மேடுகள் கெட்டிப்பட நேரமும் கிடைக்கும். இரண்டு மேடுகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் தண்ணீர் நிற்காதபடி ஒரு பக்கமாகச் சரிவு வைத்து, அந்தத் தண்ணீரை ஒரு உறிஞ்சு குழிக்குள் விட வேண்டும். மழைநீர் சேகரிப்பில் சென்னைப் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஓரத்தில் பழைய டயர்களைப் பதித்தால் அழகாக இருக்கும், செலவும் இல்லை. ஆனால் ஜாக்கிரதை! டயருக்குள் தங்கும் ஒரு டம்ளர் தண்ணீர் போதும், டெங்கு கொசு முட்டையிட. டயரில் ஓட்டை போட்டு, உள்ளே முழுக்க மண் அடைத்த பிறகே பதியுங்கள். மண் அடைக்க முடியாத டயர் நமக்கு வேண்டவே வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு நேரம்

திட்டத்தில் எங்களுக்குள் அதிகம் வாதம் நடந்தது இந்த விஷயத்தில்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு எந்தத் திடலையும் போய்ப் பாருங்கள். பையன்கள் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். பெண் குழந்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதுவும் எட்டு ஒன்பது வயது வரைதான். அதற்கு மேல் காணோம்! என் பெண்ணுக்கு 12 வயது. போன வருஷம் வரை சைக்கிளை விட்டு இறங்காதவள், இந்த வருஷம் எடுப்பதே இல்லை. "எல்லாரும் பார்க்கறாம்மா" என்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். அது போதும், ஒரு பெண்ணை வீட்டுக்குள் அனுப்ப.

'பொதுத் திடல், எல்லோரும் வரலாம்' என்று போர்டு மாட்டினால் மட்டும் பெண்கள் வந்துவிட மாட்டார்கள். அதனால் சனி, ஞாயிறு காலை 7 மணியிலிருந்து 8.30 வரை பெண் குழந்தைகளுக்கும், பழக நினைக்கும் பெரிய பெண்களுக்கும் மட்டும் என்று எழுதி வைத்தோம். அது பாரபட்சம் என்றார் ஒரு அண்ணா. "மற்ற நேரமெல்லாம் யார் கையில் இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டோம். யோசித்துவிட்டு, தானே வந்து மண் கொட்டித் தருவதாகச் சொல்லிப் போனார். கிரிக்கெட் பையன்களோடும் பேசினோம். பந்து வந்து விழாமல் இருக்க ஒரு வலை மட்டும் கேட்டார்கள். நல்ல பிள்ளைகள். கேட்டால் கொடுக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

மாதவிலக்கு நாட்களில் ஓட்டலாமா என்று பல அம்மாக்கள் தனியாக வந்து கேட்டார்கள். உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக ஓட்டலாம், ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் பக்கத்தில் சுத்தமான கழிப்பறையும் தண்ணீரும் இல்லையென்றால் அந்த நாட்களில் எந்தப் பெண்ணும் வர மாட்டாள். ஆகவே அதுவும் திட்டத்தில் ஒரு வரி.

அடிபடாமல் இருக்க

விழாமல் சைக்கிள் பழக முடியாது. பெரிதாக அடிபடாமல் விழப் பழகலாம்.

ஹெல்மெட் இல்லாமல் திடலுக்குள் விடக் கூடாது. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும், பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. வார் காதைச் சுற்றி இறங்கி, தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தால் சரியான அளவு. பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி உபயோகிக்காதீர்கள், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் சரி.

கிளம்பும் முன் காற்று, பிரேக், செயின் மூன்றையும் தொட்டுப் பார்க்கப் பழக்குங்கள். நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிடிதான் முன் சக்கர பிரேக். அதை மட்டும் ஓங்கிப் பிடித்தால் குழந்தை முன்னால் கவிழ்ந்துவிடும். துப்பட்டாவை முடிந்து கட்டிக்கொள்ளட்டும். தொளதொள பாண்ட்டின் கால் செயினில் மாட்டாமல் ஒரு ரப்பர் பாண்ட் போட்டுவிடுங்கள். காலில் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போதும்.

சிராய்ப்புக்குக் காப்பித்தூள், பற்பசை எதுவும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு மண் போகக் கழுவி, சுத்தமான துணியால் மூடினால் போதும். காயம் ஆழமாக இருந்தால் டாக்டரிடம் காட்டி, டிடி ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். தலையில் அடிபட்ட பின் வாந்தி, அதிக தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம், நினைவு தப்புதல் இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யாரிடம் கேட்பது?

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று என் வீட்டுக்காரரும் கேட்டார். நடந்த காரியங்களை எடுத்துச் சொன்னேன். லஸ்ஸில் நாம் வாக்கிங் போகும் நாகேஸ்வர ராவ் பூங்கா ஒரு காலத்தில் குட்டை. அமிர்தாஞ்சன் புகழ் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் முயற்சியால் அது பூங்காவானது. பிற்காலத்தில் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் 2014-ல் ஞாயிறு காலைகளில் கார்களை நிறுத்திவிட்டுக் குழந்தைகளுக்குத் திறந்துவிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? நம் ஊரிலேயே நடந்ததுதான்.

வழிகளும் இருக்கின்றன. 2022-ல் வந்த விதிகளின்படி நகரங்களில் வார்டுக் குழுவும் அதன் கீழே பகுதி சபாவும் உண்டு. கிராமத்தில் கிராம சபை மாதிரி, நம் தெருவின் குறையை அங்கே எழுந்து சொல்லலாம், மனு கொடுக்கலாம். அரசாங்கத்தின் 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு பணம் போட்டால் மிச்சத்தை அரசு போடும். இடம் மாநகராட்சியுடையது என்றால் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது. மனுவோடு வரைபடம், உத்தேசச் செலவு, யார் பராமரிப்பார்கள் என்ற பட்டியல் மூன்றையும் வையுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். மண் மேடு என்பது வாசல் மாதிரி. இன்று தெளித்துக் கோலம் போட்டோம் என்று நாளைக்கு விட முடியாது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மண் போட்டு அடித்து இறுக்க வேண்டும். நாங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிறு என்று முறை போட்டு 22 வீடுகளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். ஓட்ட வரும் பிள்ளைகளும் ஒரு கூடை மண் சுமக்க வேண்டும் என்பது சட்டம்.

அந்த மூலை எங்களுக்குக் கிடைக்குமா, பார்க்கிங் ஆகுமா, இந்த எழுத்தை எழுதும் இன்று வரை முடிவாகவில்லை. மனு தயாராக இருக்கிறது. அடுத்த பகுதி சபாவில் எழுந்து பேசப் போவது யார் தெரியுமா? தழும்பைப் பற்றிக் கவலைப்பட்ட அதே பாட்டிதான். "நான் பேசினால் யாரும் நடுவில் குறுக்கிட மாட்டார்கள்" என்கிறார். அவர் கணக்கு அவருக்கு.

சகோதரிகளே, உங்கள் பேட்டையிலும் குப்பை கொட்டும் ஒரு மூலை இருக்கும். நாளைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பெண் குழந்தைகள் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையைக் காகிதத்தில் எழுதிப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் காட்டுங்கள். திட்டத்தின் முதல் வரி அதுதான். கோலமாவு நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.